கையடக்க ஜிபிஎஸ் தப்பாகக் காட்டுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆற்றின் இந்தக் கரையில் நிற்கிறீர்கள், கருவி உங்களை அந்தக் கரையில் காட்டுகிறது. மேசைமேல் சும்மா கிடக்கும் கருவி மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்கிறது. கடலோரத்தில் நின்றால் உயரம் மைனஸ் 90 மீட்டர் என்கிறது. இதையெல்லாம் பார்த்ததும் கருவி போச்சு என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஒவ்வொரு பிசகுக்கும் தனி வடிவம் உண்டு, அந்த வடிவத்தை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம். அதனால் எடுத்த எடுப்பில் ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். ரீசெட் செய்தால் தடயமும் அழிந்துபோகும்.

கருவி என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். இடத்துக்கு மூன்று, கருவியின் சாதாரணக் கடிகாரத்தைத் திருத்த ஒன்று. நேரக் கணக்கில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். நம் கைக்கு வந்துசேரும்போது சிக்னலின் சக்தி, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு மெல்லிய சிக்னலை வைத்துக்கொண்டு சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்வதே பெரிய விஷயம். கருவிக்கு உங்கள் இடம் தெரியாது. அது ஒவ்வொரு விநாடியும் ஊகிக்கிறது. நீங்கள் திரையில் பார்ப்பது அந்த ஊகத்தைத்தான்.

படி 1: பிசகின் வடிவத்தைப் பாருங்கள்

முதலில் ஒரு கேள்வி: பிசகு ஒரே மாதிரி இருக்கிறதா, மாறிக்கொண்டே இருக்கிறதா?

எங்கே போனாலும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு தள்ளிக் காட்டினால் அது சிக்னல் கோளாறு அல்ல. செட்டிங்கிலோ வரைபடத்திலோ உள்ள பொருத்தமின்மை. படி 3-க்குப் போங்கள்.

நன்றாகக் காட்டிக்கொண்டிருந்து, சட்டென்று ஐம்பது நூறு மீட்டர் தாவி, பிறகு திரும்பி வந்தால் எங்கோ பட்டுத் திரும்பிய சிக்னல் காரணம். அது படி 4.

நின்ற இடத்திலேயே மெதுவாக அலைந்தால், தூரம் கூடிக்கொண்டே போனால், படி 5. இடம் சரி, உயரம் மட்டும் தப்பு என்றால் படி 6. தேதியோ நேரமோ அம்பின் திசையோ தப்பு என்றால் படி 7.

இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்து வருவதும் உண்டு. அப்போது ஒரே மாதிரியான பிசகை முதலில் தீர்த்துவிடுங்கள். அது போன பிறகுதான் மற்றது தெளிவாகத் தெரியும்.

படி 2: நேர்மையான ஒரு சோதனை செய்யுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலோ மரத்தடியிலோ செய்யும் சோதனையால் பயனில்லை. நாலா பக்கமும் வானம் தெரியும் இடத்துக்குப் போங்கள். கருவியைக் கல்மேலோ கட்டைமேலோ வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். மனித உடல் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் இந்தச் சிக்னலை நன்றாகவே உறிஞ்சிவிடும்.

வைக்கும் விதமும் முக்கியம். தட்டையான ஆண்டெனா உள்ள கருவியை முகம் வானத்தைப் பார்க்கும்படி படுக்க வைக்க வேண்டும். தலையில் குட்டைக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் ஆண்டெனா உள்ளதை நிமிர்த்தி வைக்க வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டு, சிக்னல் குறைவு என்று வருந்துபவர்கள் நிறைய.

ரொம்ப நாள் அணைத்து வைத்திருந்த கருவி என்றாலோ, பல நூறு கி.மீ. தள்ளி வந்து இப்போதுதான் இயக்குகிறீர்கள் என்றாலோ, இருபது நிமிடம் பொறுங்கள். செயற்கைக்கோள்கள் தங்கள் தகவலை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரம் வந்துசேர அரை நிமிடம் ஆகும். நடுவில் மரக்கிளை மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணை முழுதாக வர பன்னிரண்டரை நிமிடம். இயக்கிய முதல் நிமிடத்தில் காட்டும் இடத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். சில கருவிகள் சிக்னல் கிடைக்கும்வரை கடைசியாக அணைத்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது செயற்கைக்கோள் பக்கத்தைத் திறங்கள். வட்டமான வான வரைபடமும் கீழே பட்டைகளும் இருக்கும். ஒவ்வொரு பட்டையும் ஒரு செயற்கைக்கோளின் சிக்னல் பலத்தைக் காட்டும். பட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, அவை வானத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்றும் பாருங்கள். எட்டுச் செயற்கைக்கோள்கள் ஒரே பக்கமாகக் குவிந்திருப்பதைவிட, ஆறு செயற்கைக்கோள்கள் நாலா திசையிலும் பரவியிருப்பது மேல். ஹெச்டிஓபி என்ற எண்ணைக் கருவி காட்டினால் அது சொல்வதும் இதைத்தான். 1, 2 என்றால் நல்லது. 5-ஐத் தாண்டினால் காத்திருங்கள்.

அதே பக்கத்தில் ‘±3 மீ’ என்பது போல ஓர் எண் இருக்கும். அதிகம் ஏமாற்றுவது இந்த எண்தான். ‘உண்மையான இடம் கட்டாயம் 3 மீட்டருக்குள் இருக்கிறது’ என்று அது உத்தரவாதம் தரவில்லை. கருவி தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. நல்ல சூழலில்கூட, உண்மையான பிசகு கணிசமான நேரம் அந்த வட்டத்துக்கு வெளியே போகும். சுவரில் பட்டு வந்த சிக்னலை நேராக வந்தது என்று கருவி நம்பிவிட்டால், ‘±4 மீ’ என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே 40 மீட்டர் தள்ளிக் காட்டும்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் ஸ்மார்ட்போன்களின் துல்லியம் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் சொல்கிறது. நல்ல கையடக்கக் கருவியும் ஏறக்குறைய இந்த வகையில்தான் வரும். வயல் வரப்பு எங்கே முடிகிறது என்று இதை வைத்து அளக்கப் புறப்படுவது தவறு. அதற்கு வேறு கருவிகள், வேறு முறைகள் இருக்கின்றன. மறுபக்கம், ‘100 மீட்டர் பிசகு சகஜம்’ என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. வேண்டுமென்றே சிக்னலைக் குழப்பி வந்ததை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது.

இன்னொரு நுணுக்கம். ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் உங்கள் வானத்தில் அதே இடத்துக்கு 23 மணி 56 நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். ஆகவே இன்று காலை எட்டு மணிக்குச் சோதித்துவிட்டு நாளையும் அதே எட்டு மணிக்குச் சோதித்தால், ஏறக்குறைய அதே அமைப்பில், அதே சுவரில் பட்டு, அதே பிசகுதான் வரும். ‘இரண்டு நாளும் ஒரே மாதிரி காட்டியது, ஆகவே சரி’ என்று ஏமாந்துவிடலாம். மறு சோதனையைச் சில மணி நேரம் தள்ளி வேறு பொழுதில் செய்யுங்கள்.

படி 3: ஒரே திசையில் தள்ளிக் காட்டினால்

கருவியில் பழுதே இல்லாமல் பெரிய பெரிய பிசகுகள் வருவது இங்கேதான். மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, டேட்டம். பூமியை எந்தக் கணித வடிவமாக வைத்துக்கொண்டு அட்சரேகை, தீர்க்கரேகை போடுகிறோம் என்பதுதான் டேட்டம். ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. பழைய காகித வரைபடங்கள் அந்தந்த நாடு தனக்கென வைத்திருந்த டேட்டத்தில் வரையப்பட்டவை. ஒரே எண்களை இரண்டு டேட்டத்தில் குறித்தால் இரண்டு வெவ்வேறு இடங்கள் வரும். கிரீன்விச் ஆய்வகத்துக்குப் போய், தீர்க்கரேகை பூஜ்யம் என்று போட்டிருக்கும் பித்தளைக் கோட்டின்மேல் நின்றால் ஜிபிஎஸ் பூஜ்யம் காட்டாது. கிழக்கே சுமார் 102 மீட்டர் நடந்தால்தான் காட்டும். இரண்டில் எதுவும் தப்பில்லை, அடிப்படை வேறு. ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டத்தில் இந்த வித்தியாசம் 400 மீட்டரையும் தாண்டும். காகித வரைபடத்தோடு வேலை செய்தால் அதன் ஓரத்தில் டேட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கும். கருவியின் செட்டிங்கில் அதையே தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் டபிள்யூஜிஎஸ் 84-க்குத் திருப்பிவிடுங்கள். அடுத்தவருக்கு இடத்தைச் சொல்லும்போது எண்ணோடு டேட்டத்தையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, எண்களை எழுதும் முறை. ஒரே இடத்தை டிகிரி தசமமாகவும், டிகிரி - நிமிடத் தசமமாகவும், டிகிரி - நிமிடம் - விநாடியாகவும் எழுதலாம். குழப்பம் எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று ஓர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். கருவி 11° 24.350′ என்று காட்டுகிறது. இதை ஒருவர் 11 டிகிரி 24 நிமிடம் 35 விநாடி என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் 0.350 நிமிடம் என்பது 21 விநாடி. அட்சரேகையில் ஒரு விநாடி சுமார் 31 மீட்டர் என்பதால் 14 விநாடி வித்தியாசம் அவரைச் சுமார் 430 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடும். இன்னொருவர் அதையே 11.24350 டிகிரி என்று தட்டுகிறார். அவர் போய் நிற்கும் இடம் சுமார் 18 கி.மீ. தள்ளி. மீட்புக் குழுவுக்கு இடம் சொல்லும் நேரத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புள்ளி எங்கே இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், எதிராளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இடம் வேறு கண்டத்துக்கோ கடல் நடுவுக்கோ போய்விட்டால், அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும், அல்லது கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குக் குறி மாறியிருக்கும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் புள்ளி விழுந்தால் எண்ணே பதிவாகவில்லை, 0, 0 என்று நிற்கிறது.

மூன்றாவது, வரைபடமே நகர்ந்திருப்பது. சிறிய அளவில் வரைந்த வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், சாலை உண்மையான இடத்திலிருந்து பல மீட்டர் விலகியே நிற்கும். சீனாவில் சட்டப்படி வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற மாற்றியமைத்த முறையில் வெளியாகின்றன. அங்கே ஜிபிஎஸ் எண்ணை அப்படியே வைத்தால் புள்ளி சில நூறு மீட்டர் விலகி விழும். செயற்கைக்கோள் படங்களிலும் சில மீட்டர் நகர்வு இருக்கலாம், ஆகவே அதை வைத்துக் கருவியைக் குறை சொல்ல முடியாது. துல்லியமான எண் பொறித்த நில அளவைக் கல் பக்கத்தில் இருந்தால் அதோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி.

‘சாலையோடு பொருத்து’ என்ற செட்டிங்கையும் பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், சாலைக்கு இணையாக ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உங்களைப் பிடித்து இழுத்துச் சாலையிலேயே வைக்கும். நடைப்பயணத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

படி 4: திடீரெனத் தாவினால்

உயரமான கட்டடம், பாறைச் சுவர், பெரிய வண்டியின் பக்கவாட்டு, விரிந்த நீர்ப்பரப்பு எல்லாமே சிக்னலைத் திருப்பியடிக்கும். நேராக வந்த சிக்னலைவிட, சுவரில் பட்டு வந்தது கூடுதல் தூரம் பயணித்திருக்கும். கருவி அந்தக் கூடுதல் தூரத்தையும் நம்பி, உங்களைத் தள்ளி வைக்கும். குறுகிய பள்ளத்தாக்கில் இது இரட்டிப்புத் தொல்லை: நேர்ச் சிக்னலைப் பாறை மறைக்கிறது, எதிர்ப்பாறையில் பட்டது மட்டும் வந்துசேர்கிறது. அடர்ந்த காட்டில் இலைக்கூட்டம் சிக்னலை மங்கச் செய்யும், மழையில் நனைந்த இலை இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது எளிது. சுவரிலிருந்து விலகி நடங்கள். இருபது முப்பது மீட்டர் விலகினாலே பல நேரங்களில் நிலைமை மாறிவிடும். கருவியைப் பைக்கு அடியில் போடாமல் தோள்பட்டையின் மேல்பக்கம் மாட்டுங்கள். பல செயற்கைக்கோள் அமைப்புகளை ஏற்கும் கருவி என்றால் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்து இயக்குங்கள். பேட்டரி கொஞ்சம் வேகமாகக் குறையும், ஆனால் பள்ளத்தாக்கில் அந்தச் செலவு தகும். புதிதாகக் கருவி வாங்குபவர்களுக்கு என் கருத்து: வண்ணத் திரையைவிட, எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் வசதிக்குப் பணம் கொடுங்கள். பட்டு வந்த சிக்னலைப் பிரித்தறிய எல்5 நன்றாக உதவுகிறது. இரண்டையும் ஒப்பிட்டு, சிக்னல் கடந்து வரும் மேல் வளிமண்டல அடுக்கான அயனி மண்டலத்தின் பாதிப்பையும் கழிக்க முடியும்.

அந்த அயனி மண்டலம் சில நாட்களில் தனியாகவே ஆட்டம் காட்டும். சூரியனிலிருந்து வரும் புயல்கள் அதைக் கலக்கிவிடும். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த பெரிய காந்தப் புயலின்போது அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டலில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறின. நிலநடுக்கோட்டை ஒட்டி ஓடும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு, சூரியன் மறைந்த பிறகு நள்ளிரவு வரையிலான நேரத்தில் சிக்னல் நடுங்குவது சாதாரண நாளிலும் நடக்கலாம். திறந்த வெளியில் நிற்கும்போது மாலையில் மட்டும் பிசகு கூடினால் இதைச் சந்தேகியுங்கள். காலையில் மறுபடி பாருங்கள்.

பக்கத்தில் இருக்கும் மின்னணுப் பொருட்களையும் விலக்கிப் பாருங்கள். மலிவான டேஷ் கேமரா, கார் சார்ஜர், யுஎஸ்பி 3 கேபிள் இவை சிந்தும் மின் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கும். உலோகப் பூச்சுள்ள காரின் முன்கண்ணாடியும் சிக்னலைத் தடுக்கும்.

படி 5: நின்ற இடத்தில் அலைந்தால்

இது பழுது இல்லை. ஒவ்வொரு விநாடியும் புதிதாக ஊகிக்கும்போது விடை சில மீட்டர் முன்னும் பின்னுமாக வரும். ட்ராக் (நடந்த பாதை) பதிவை நிறுத்தாமல் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டு, பிறகு பெரிதாக்கிப் பார்த்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் நூல் சிக்கியது போல ஒரு முடிச்சு தெரியும். அந்தச் சிக்கலின் ஒவ்வொரு இழையும் தூரக் கணக்கில் சேர்ந்திருக்கும். மொத்த ஏற்றக் கணக்கும் இப்படித்தான் ஊதிப்போகும். மாறாக, முப்பது விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் நேர்கோடாகி, தூரம் குறைந்துவிடும். ஒரே பாதையில் இரண்டு பேரின் கருவி இரண்டு தூரம் காட்டுவதற்கு இது போதும்.

உட்காரும்போது பதிவை நிறுத்துங்கள். நடைக்கு ‘ஆட்டோ’ பதிவு முறை பெரும்பாலும் போதும். ‘அதிகபட்ச வேகம் 180’ என்பது போன்ற அபத்தம் இருந்தால் ட்ராக்கில் தாவிய அந்த ஒரு புள்ளியைத் தேடி நீக்குங்கள். ஓரிடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டுமானால், வேபாயிண்ட் (குறித்து வைக்கும் இடம்) சராசரி வசதியைப் பயன்படுத்துங்கள். சில நிமிடம் எடுங்கள், அப்புறம் இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். ஒரே தடவையில் நெடுநேரம் எடுப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் அதற்குள் செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறியிருக்கும்.

படி 6: உயரம் மட்டும் தப்பு

உயரத்தில் பிசகு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். கிடைமட்டத்தில் நாலா பக்கமும் செயற்கைக்கோள் உண்டு, பிசகுகள் ஒன்றையொன்று சமன் செய்யும். செங்குத்தாகப் பார்த்தால் எல்லாமே தலைக்கு மேல்தான், கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. இடத்தில் 5 மீட்டர் என்றால் உயரத்தில் 10 மீட்டர் பிசகு வந்தால் ஆச்சரியமில்லை.

அப்படியானால் கடலோரத்தில் மைனஸ் 90 எப்படி? ஜிபிஎஸ் கணக்கிடுவது வழவழப்பான ஒரு கணித நீள்கோளத்திலிருந்து உள்ள உயரம். கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. ஈர்ப்பு விசையின் ஏற்ற இறக்கத்தால் நியூகினி பக்கம் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு மேல் சுமார் 85 மீட்டர் எழும்பியும், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் சுமார் 106 மீட்டர் தாழ்ந்தும் இருக்கிறது. கருவிகள் ஓர் அட்டவணையை வைத்து இதைத் திருத்திக் காட்டும். சில செயலிகள் திருத்தாமல் அப்படியே காட்டும். உயரம் எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைந்தோ கூடியோ இருந்தால் செட்டிங்கில் ‘கடல் மட்டத்திலிருந்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

காற்றழுத்த உயரமானி உள்ள கருவி வேறு விதமாக ஏமாற்றும். தாழ்வான இடங்களில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் அது சுமார் 8 மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். இரவில் வானிலை மாறி அழுத்தம் 5 குறைந்தால், தூங்கி எழுவதற்குள் உங்கள் கூடாரம் 40 மீட்டர் உயர்ந்திருக்கும். விமானத்துக்குள் பார்த்தால், அறையின் அழுத்தத்தை வைத்து 2,000 மீட்டர் அளவில் காட்டும். உயரம் தெரிந்த இடத்தில் காலையில் ஒரு தடவையும், வழியில் உயரப் பலகை பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவையும் சரிசெய்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஏற்ற இறக்கத்துக்கு இந்த உயரமானிதான் ஜிபிஎஸ்ஸைவிட நம்பகமானது. அழுத்தம் வாங்கும் சிறு துளையில் சேறோ வியர்வை உப்போ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 7: தேதி, நேரம், திசை

தேதி கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் போயிருந்தால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இது 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் நடந்தது, அடுத்தது 2038 நவம்பரில். பழைய கருவியின் மென்பொருள் இதைச் சமாளிக்காவிட்டால் தேதி தப்பும். இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். நேரம் 18 விநாடி மட்டும் முன்னால் இருந்தால் கால் மணி நேரம் திறந்த வெளியில் வையுங்கள், திருத்தம் தானாக வந்துவிடும்.

நடக்கும்போது சரியாக இருக்கும் அம்பு, நின்றதும் சுழன்றால் காந்தத் திசைகாட்டியைத்தான் பார்க்க வேண்டும். நகரும்போது கருவி பயணத் திசையை வைத்து வடக்கைச் சொல்லும், நின்றதும் காந்தத்துக்கு மாறும். காந்த மூடி உள்ள உறை, பக்கத்தில் கிடக்கும் போன், சாவிக்கொத்து இவற்றை விலக்குங்கள். பேட்டரி மாற்றிய ஒவ்வொரு தடவையும் திசைகாட்டியைச் சரிசெய்யுங்கள். கருவி காட்டுவது உண்மை வடக்கா (வட துருவம் இருக்கும் திசை), காந்த வடக்கா (ஊசி காட்டும் திசை) என்பதையும் பாருங்கள். 5 டிகிரி பிசகினால் ஒரு கி.மீ. நடையில் 87 மீட்டர் விலகிவிடுவீர்கள்.

படி 8: குறுக்கீடா, பழுதா?

திறந்த வெளியில் எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் விழுந்தால், யாரோ சிக்னலை அமுக்கும் கருவி வைத்திருக்கலாம். பட்டைகள் நிறைவாக இருந்தும் இடம் எங்கோ ஒரு விமான நிலையத்தில் நின்றால் அது போலிச் சிக்னல். 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த கப்பல்கள், கரையில் உள்ள கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகத் தங்கள் திரையில் பார்த்தன. போர் நடக்கும் பகுதிகளை ஒட்டி இது இப்போது அடிக்கடி நடக்கிறது. உங்கள் கருவியில் செய்ய எதுவும் இல்லை. அங்கிருந்து வெளியேறும்வரை காகித வரைபடமும் ஊசித் திசைகாட்டியும்தான்.

பழுது என்று சொல்வதற்கு முன் வேறொரு கருவியைப் பக்கத்தில் வைத்து, அரை மணி நேரம் இரண்டின் பட்டைகளையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் காரணம் வானத்திலோ சூழலிலோ இருக்கிறது. உங்களுடையதில் மட்டும் எல்லாப் பட்டைகளும் குட்டையாகவே இருந்தால், கீழே விழுந்ததில் ஆண்டெனாவின் இணைப்பு விட்டிருக்கலாம், அல்லது உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். புதிய பேட்டரி போட்டு, வேபாயிண்டுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டு, இப்போது ரீசெட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் பட்டைகள் எழவில்லையென்றால் பழுதுபார்க்க அனுப்புங்கள். இரண்டு கருவிகளின் செயற்கைக்கோள் பக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்து அதோடு அனுப்பினால், ‘எங்களிடம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பும் வேலை குறையும்.